பெயரும் எடுப்பும்: சதிருக்கும் பரதநாட்டியத்துக்கும் இடையே மாறியது எது?

1. கேள்வி

சதிர் என்றும் சின்ன மேளம் என்றும் தமிழ்நாட்டில் வழங்கிய ஆடல், 1930களில் பரதநாட்டியம் என்ற பெயரோடு சென்னை மேடைகளில் நிலைகொண்டது. இந்தப் பெயர் மாற்றத்தைப் பற்றி இரண்டு கருத்துகள் நெடுநாளாக எதிரெதிரே நிற்கின்றன. ஆடல் பழையதுதான், களங்கம் கற்பிக்கப்பட்ட பெயரை மட்டும் விலக்கினார்கள் என்பது ஒன்று. பெயரோடு ஆடுபவர், ஆடுமிடம், ஆடற்பொருள் எல்லாமே மாறிவிட்டதால் இரண்டையும் ஒரே கலை என்று சொல்வதற்கில்லை என்பது மற்றொன்று.

இரு தரப்பாரும் பெரும்பாலும் சமூக வரலாற்றிலிருந்தே சான்று காட்டுகிறார்கள். சட்டமன்றத் தீர்மானங்கள், பத்திரிகைக் கடிதங்கள், சபாக்களின் பதிவுகள் ஆகியவை அலசப்பட்ட அளவுக்கு ஆடலின் உள்ளே இருக்கும் சான்று அலசப்படவில்லை. அந்தச் சான்று தாளம். பாட்டு தாளத்தின் எந்த இடத்தில் எடுக்கப்படுகிறது, அடவு எனப்படும் அடிப்படை ஆடற்கூறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதைக் கணக்கிட்டுக் கொடுத்தவர் யார் என்பவற்றைப் பார்த்தால், பெயர் சொல்லும் வேறுபாடும் கால் சொல்லும் வேறுபாடும் ஒன்றல்ல என்பது புலப்படும். கரீபியத் தீவுகளிலிருந்து நியூயார்க்குக்குப் போன மாம்போ, சால்சா ஆட்டங்களிலும் இதே சிக்கல் எழுந்துள்ளது. அங்கே பெயர்த் தகராறும் தாளத் தகராறும் வெளிப்படையாகவே பின்னிக்கிடப்பதால் அந்த ஒப்பீடு இங்கே பயன்படுகிறது.

2. மேளம், சதிர், பரதம்

இந்த ஆடலுக்கு ஊர்களில் வழங்கிய பெயர் வாத்தியக் குழுவை ஒட்டியது. நாதசுவரமும் தவிலும் சேர்ந்தது பெரிய மேளம். ஆடும் பெண்கள், ஆடலைப் பயிற்றுவித்துத் தாளம் நடத்தும் நட்டுவனார், மத்தளக்காரர், முகவீணை, சுருதிக்குத் துத்தி ஆகியவை சேர்ந்தது சின்ன மேளம். கோயில் திருவிழாவுக்கும் செல்வர் வீட்டுக் கல்யாணத்துக்கும் இரண்டு மேளமும் வந்தன. செட்டிநாட்டு நகரத்தார் இரண்டுக்கும் பெரும் புரவலர்களாக இருந்தவர்கள். கீழச்சிவல்பட்டி போன்ற ஊர்களில் இன்றும் நிற்கும் பெரிய வீடுகளின் முகப்பும் வளவும், கல்யாண நாட்களில் நூற்றுக்கணக்கானோர் கூடுவதற்கு ஏற்பக் கட்டப்பட்டவை. கச்சேரி என்ற சொல்லும் சதிரோடு சேர்ந்தே வழங்கியது: சதிர்க் கச்சேரி. நட்டுவனார்கள் தங்கள் வித்தையைப் பரதம் என்றார்கள். ஆக, ஒரே ஆடல் அழைப்பவரைப் பொறுத்து மேளமாகவும் சதிராகவும் பரதமாகவும் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் வட இந்திய ஆட்டத்தையும் இதையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ‘நாட்ச்’ என்றே எழுதினார்கள். இந்த ஆடலுக்கு எதிராகப் பின்னால் எழுந்த இயக்கமும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது.

1890களில் சென்னையில் வலுத்த அந்த எதிர்ப்பு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சட்டமன்றத்துக்கு வந்தது. பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் நிறைவேறியது. இதற்கு நடுவே, 1932இன் இறுதியில், அவருக்கும் வழக்குரைஞர் இ. கிருஷ்ணய்யருக்கும் இடையே பத்திரிகைகளில் ஒரு விவாதம் நடந்தது. கிருஷ்ணய்யர் முறையாகச் சதிர் கற்று, பெண் வேடம் பூண்டு மேடையேறி ஆடியவர். 1928இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமியின் செயலர்களுள் ஒருவராக இருந்து, 1931 முதல் தேவதாசி மரபுக் கலைஞர்களை அந்த மேடைக்கு அழைத்து வந்தவர். வழக்கத்தை ஒழிக்கும்போது கலையையும் சேர்த்து ஒழித்துவிடக் கூடாது என்பது அவர் வாதம். அந்த வாதத்துக்கு ஒரு புதுப் பெயர் தேவைப்பட்டது.

பெயர் மாற்றத்தின் பெருமையைக் கிருஷ்ணய்யருக்கும் ருக்மிணி தேவிக்கும் சமஸ்கிருத அறிஞர் வே. ராகவனுக்கும் தனித்தனியே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நட்டுவனார் வாயில் ஏற்கெனவே பரதம் என்ற சொல் புழங்கியதை நினைத்துப் பார்த்தால், ஒருவரை மட்டும் பெயரிட்டவர் என்று காட்டுவது பொருந்தாது. பல பெயர்களில் ஒன்றை மட்டும் மேடைக்கு ஏற்றி, மற்றவற்றைக் கீழே இறக்கியதே 1930களில் நடந்தது. ருக்மிணி தேவி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபை விழாவில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றியது. அதற்குப் பின் சதிர் என்ற பெயர் பொதுமேடையிலிருந்து விரைவாக மறைந்தது.

ஆய்வாளர்கள் இதை எப்படிப் படித்திருக்கிறார்கள் என்பதும் கருதத்தக்கது. அம்ரித் சீனிவாசன் 1985இல் எழுதிய கட்டுரை, சீர்திருத்தமும் மறுமலர்ச்சியும் ஒன்றையொன்று எதிர்ப்பதுபோல் தோன்றினாலும், இரண்டும் சேர்ந்தே தேவதாசிகளை அவர்கள் கலையிலிருந்து அகற்றின என்று காட்டியது. மாத்யூ ஆலன் 1997இல், ‘மறுமலர்ச்சி’ என்ற ஒற்றைச் சொல் போதாது என்றார். ஆட்களை மாற்றுதல், கட்டமைப்பை மாற்றுதல், பெயரை மாற்றுதல், இடத்தை மாற்றுதல் எனப் பல செயல்கள் அதனுள் அடங்கியிருப்பதைப் பிரித்துக் காட்டினார். இந்தப் பகுப்பு மிகவும் பயனுள்ளது. பெயர் மாறியதா என்ற கேள்வியையும் ஆடல் மாறியதா என்ற கேள்வியையும் தனித்தனியே கேட்க அது வழி செய்கிறது. தாளம் மாறியதா என்பதை அந்தப் பட்டியலோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

3. நியூயார்க்கின் மாம்போ, சால்சா

மாம்போ முதலில் ஓர் இசையின் பெயர். கியூபாவில் 1938இல் ஓரெஸ்தெஸ் லோபெஸ் அமைத்த, தான்சோன் என்னும் நடன இசை வகையைச் சேர்ந்த ஓர் உருப்படிக்கு அந்தப் பெயர் இருந்தது. பெரெஸ் பிராடோ 1940களின் இறுதியில் மெக்சிகோவிலிருந்து அதை உலகெங்கும் பரப்பினார். நியூயார்க்கின் பாலேடியம் நடனக்கூடத்தில் மச்சித்தோ, தித்தோ புயெந்தே, தித்தோ ரோத்ரிகெஸ் ஆகியோரின் குழுக்கள் வாசிக்க, 1950களில் அது ஆட்டத்தின் பெயராகவும் ஆனது. 1966இல் பாலேடியம் மூடப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ஜானி பச்சேகோவும் ஜெரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம், 1970களில் கியூப, போர்ட்டோரிக்க மரபுகளில் கிளைத்த பல இசைகளை ஒரே பெயரில் விற்றது. அந்தப் பெயர் சால்சா. பழைய இசைக்காரர்கள் பலர் அதை ஏற்கவில்லை. தாங்கள் பல்லாண்டுகளாக வாசித்த இசைக்கு வியாபாரிகள் ஒட்டிய சீட்டு என்றே கருதினார்கள்.

ஆட்டத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. இந்த இசையை ஆடுபவர்கள் எட்டு எண்ணி ஆடுகிறார்கள். 1, 2, 3இல் கால் வைத்து 4இல் நிறுத்தி, 5, 6, 7இல் வைத்து 8இல் நிறுத்துவது இன்று பெருவழக்கு. முன்னோ பின்னோ போய்த் திசை திரும்பும் அடி 1இலும் 5இலும் விழுந்தால் அது ‘ஆன் ஒன்’. லாஸ் ஏஞ்சலிஸ் பாணி இந்த வகை. 2இலும் 6இலும் விழுந்தால் ‘ஆன் டூ’. நியூயார்க்கில் எடி டோரஸ் கற்பித்துப் பரப்பிய முறை இது. பாலேடியம் காலத்து ஆட்டக்காரர்கள் பலர் 2, 3, 4இலும் 6, 7, 8இலும் கால் வைத்தார்கள். அவர்களுக்கும் திசை மாறுவது 2இலும் 6இலும்தான், ஆனால் நிறுத்தம் 1இலும் 5இலும் வரும். கொங்கா மத்தளத்தின் அழுத்தமான அறை இரண்டாம் எண்ணிக்கையில் விழுவதால், 2இல் திரும்புபவர்கள் தாங்கள் மத்தளத்தோடு ஆடுவதாகவும், 1இல் திரும்புபவர்கள் பாட்டோடு ஆடுவதாகவும் சொல்வதுண்டு.

இன்றைய நடனப் பள்ளிகள் பலவற்றில் ‘ஆன் டூ’ ஆட்டத்துக்கு மாம்போ என்று பெயர், ‘ஆன் ஒன்’ ஆட்டத்துக்குச் சால்சா என்று பெயர். வரலாற்றுப்படி இந்தப் பிரிவு பிற்காலத்தது. ஒரே சால்சா இசைத்தட்டுக்கு இருவரும் ஆடுகிறார்கள். சால்சா உருப்படி ஒன்றின் உள்ளேயே பித்தளைக் குழல்கள் ஓங்கி ஒலிக்கும் பகுதிக்கு மாம்போ என்றும் பெயர் உண்டு. ஜூலியட் மெக்மேன்ஸ் 2015இல் வெளியிட்ட நூல், மாம்போவிலிருந்து சால்சாவுக்கு நேர்ந்த இந்த மாற்றத்தை வணிகத்தோடும் நடனப் பள்ளிகளோடும் இணைத்து விரிவாக ஆராய்கிறது. இங்கே தெளிவாவது இதுதான்: பெயர் கம்பெனியிடமிருந்தும் பள்ளியிடமிருந்தும் வந்தது, அடி விழும் இடம் ஆடுகளத்திலிருந்து வந்தது. பள்ளிகள் பின்னால் இரண்டையும் முடிச்சுப் போட்டன.

4. எடுப்பும் தீர்மானமும்

தமிழ் மரபில் ‘ஆன் ஒன்’, ‘ஆன் டூ’ என்ற சிக்கலுக்கு இணையானது எடுப்பு. தாளமும் பாட்டும் ஒன்றாகத் தொடங்கினால் சம எடுப்பு. தாளம் தொடங்கிய பின் பாட்டு தொடங்கினால் அனாகதம், தாளத்துக்கு முன்பே தொடங்கிவிட்டால் அதீதம். அனாகதத்தில் எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்பதை அரை இடம், ஓரிடம், ஒன்றரை இடம் என்று கணக்காகச் சொல்வார்கள். நியூயார்க்கில் இரண்டு ஆட்டங்களைப் பிரிக்கும் அளவுக்குப் பெரிதாகிவிட்ட விஷயம், இங்கே ஒரே ஆடலுக்குள் உருப்படிக்கு உருப்படி மாறும் விவரமாக அடங்கிவிட்டது. அது பெயராக மாறாததற்குக் காரணம், அதைக் கையாளும் பொறுப்பு நட்டுவனாரிடம் இருந்ததுதான்.

அவர் வேலையை ஒரு தீர்மானத்தில், அதாவது தாளக் கணக்கோடு முடியும் ஓர் அடவுக் கோவையில், பார்க்கலாம். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், சதுசிர நடையில் அட்சரத்துக்கு நாலு மாத்திரை, ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ததிங்கிணதொம் என்ற சொற்கட்டு ஐந்து மாத்திரை. அதை இரண்டு முறை சொன்னால் பத்து. அந்தப் பத்தை மூன்று முறை வைத்தால் முப்பது, நடுவில் இரண்டு இடைவெளிகள். இடைவெளிக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் மொத்தம் 32. சமத்தில் தொடங்கி, அடுத்த சமத்தில் பாட்டு எடுக்கச் சரியாக முடிகிறது. இரண்டு மாத்திரை கொடுத்தால் 34. பாட்டு அரை இடத்தில் எடுப்பதானால் அங்கே பொருந்தும். மூன்று கொடுத்தால் 36, ஓரிடம். நாலு கொடுத்தால் 38, ஒன்றரை இடம். சொற்கட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆடுபவர் கால் மிதிக்கும் அடவும் மாறவில்லை. நடுவில் நிற்கும் நேரம் மட்டும் கூடிக் குறைந்து, பாட்டு எங்கே எடுத்தாலும் ஆடலைக் கொண்டுபோய் அதன் வாசலில் சேர்க்கிறது. கார்வை எனப்படும் அந்தச் சிறு நிறுத்தத்தில்தான் நட்டுவனாரின் கணக்கு இருக்கிறது. தட்டுக்கழியால் தட்டுமனையில் அடித்துச் சொல்லிக்கொடுக்கும்போது மாணவி முதலில் தடுமாறுவதும் அந்த இடத்தில்தான்.

இந்தக் கணக்கு சதிருக்கு ஒன்றாகவும் பரதநாட்டியத்துக்கு வேறாகவும் இல்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோசி காலத்திலும் அதை ஒட்டியும் வாழ்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வர், அலாரிப்பு, ஜதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்னும் வரிசையை ஒழுங்குசெய்தவர்களாகப் போற்றப்படுகிறார்கள். அடவை முதல் காலத்தில் ஆடி, இரட்டித்து இரண்டாம் காலத்திலும், மேலும் இரட்டித்து மூன்றாம் காலத்திலும் ஆடும் பயிற்சி சதிரிலிருந்து வந்தது. பழைய சப்தங்கள் பெரும்பாலும் காம்போதி ராகத்தில், மூன்றும் நாலுமாக ஏழு எண்ணும் மிசிர சாபுவில் அமைந்தவை. இன்றைய மாணவியும் அதே ஏழை எண்ணித்தான் ஆடுகிறாள். மீனாட்சிசுந்தரம் பிள்ளை நால்வரின் வழித்தோன்றல் என்பதால், கலாக்ஷேத்திரத்துக்குப் போன தாளக் கல்வியும் அதே கிணற்றில் இறைத்த நீர்தான். தாள இலக்கணத்தை மட்டும் சான்றாகக் கொண்டால், ஆடல் பழையதுதான் என்ற முதல் தரப்பின் கூற்று வலுவானது.

ஆனால் அந்தக் கணக்கைப் போடுபவர் யார் என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. சதிரில் நட்டுவனாரும் மத்தளக்காரரும் ஆடுபவருக்குப் பின்னால் நின்று, அவர் நகரும்போது கூடவே நகர்ந்தார்கள். மத்தளம் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது. ஆடுபவர் தாமும் பாடினார். பாட்டு, கால், தட்டு மூன்றும் ஒரே சிறு வட்டத்துக்குள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன. புதிய மேடையில் பக்கவாத்தியக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்தார்கள். ஆடுபவர் பாடுவது நின்றது. நட்டுவாங்கம் பரம்பரைக் குடும்பத்துக்கு வெளியேயும் கற்பிக்கப்பட்டது. கல்வி விரிந்தது நல்லதுதான். ஆனால் கச்சேரி நடக்கும்போதே இசைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் சுதந்திரத்தின் இடத்தை, முன்கூட்டியே ஒத்திகை பார்த்து நிலைப்படுத்திய கோர்வை பிடித்துக்கொண்டது. தாளத்தின் இலக்கணம் நிலைத்தது, அதைப் புழங்கும் முறை மாறியது.

பாலசரசுவதி இங்கே முக்கியமான சாட்சி. தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர், பாடிக்கொண்டே அபிநயித்தவர், 1973இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். தம் கலையைப் பரதநாட்டியம் என்றே அழைத்தார். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் நிறுவிய தமிழ் இசைச் சங்கத்தின் மாநாட்டில், 1975இல் அவர் ஆற்றிய தலைமையுரை, கச்சேரி வரிசையைக் கோயிலின் உள்ளே படிப்படியாகச் செல்வதோடு ஒப்பிட்டது. பழைய மரபை விடாதவர் புதிய பெயரை மறுக்கவில்லை. புதிய பெயரை ஏற்றவர் ஆடற்பொருளிலிருந்து சிருங்காரத்தை அகற்ற உடன்படவுமில்லை. பெயரை வைத்து ஆட்களை இரண்டு அணியாகப் பிரிப்பவர்களுக்கு இவர் அகப்படமாட்டார்.

5. பாணிப் பெயர்கள்

லாஸ் ஏஞ்சலிஸ் பாணி, நியூயார்க் பாணி என்பதைப் போல இங்கே பந்தநல்லூர், வழுவூர், தஞ்சாவூர் பாணிகள் உண்டு. அவை நட்டுவனார்களின் ஊர்கள். கலாக்ஷேத்திரம் மட்டும் ஒரு நிறுவனத்தின் பெயர். ஊர்ப் பெயர் குருவைக் குறிக்கிறது, நிறுவனப் பெயர் பாடத்திட்டத்தைக் குறிக்கிறது. இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். எனினும் குருவின் கணக்கு நிறுவனத்தின் பாடமாக மாறியதன் தடம் அதில் இருக்கிறது.

ஒரே அடவை ஒரு பாணியார் சொற்கட்டால் அழைப்பதும், இன்னொரு பாணியார் காலசைவால் அழைப்பதும் வழக்கம். புதிய ஆசிரியரிடம் போகும் மாணவி பெயரைக் கேட்டுக் குழம்பினாலும், தட்டுக்கழி விழத் தொடங்கியதும் அடவை அடையாளம் கண்டுகொள்கிறாள். பாணிகளைப் பிரிப்பவை அரைமண்டியின் ஆழம், கை நீளும் கோடு, கழுத்தசைவு, தீர்மானங்களின் நீளம் ஆகியவை. தாளத்தில் கால் விழும் இடத்தால் இரண்டு பாணிகள் பிரிவதில்லை. நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சலிஸையும் பிரிப்பதுபோல் பந்தநல்லூரையும் வழுவூரையும் எடுப்பு பிரிக்காததற்குக் காரணம், எல்லா எடுப்புகளும் எல்லாப் பாணிகளுக்கும் பொதுச்சொத்தாக இருப்பதே.

6. விராலிமலைச் சான்று

இதுவரை சொன்னது தஞ்சை, சென்னை வழியாக வந்த வரலாறு. செட்டிநாட்டுக்கு வடக்கே அடுத்திருக்கும் புதுக்கோட்டைச் சீமையின் சான்று இதைத் திருத்துகிறது. சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை 1948இல்தான் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அங்கே விராலிமலை முருகன் கோயிலில் 32 தேவதாசிகள் இருந்த மரபில் ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்டவர் முத்துக்கண்ணம்மாள். அவருடைய தந்தை நட்டுவனார். 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது, அவரது கலையின் பெயராக அறிவிக்கப்பட்டது சதிர். மேடையிலிருந்து 1930களில் இறக்கப்பட்ட பெயரை இந்திய அரசே ஏறத்தாழ 90 ஆண்டு கழித்து ஏற்றியது.

அவர் நினைவில் வைத்திருந்த உருப்படிகள் இந்த ஆய்வுக்கு விருதைவிடப் பெரியவை. டேவேஷ் சோனெஜி 2012இல் வெளியிட்ட நூலில் அவருடைய ஆடலுக்கு முக்கிய இடம் தந்தார். அலாரிப்பு, வர்ணம் போன்றவற்றோடு குறவஞ்சியும் நோட்டுசுவரமும் அவரிடம் இருந்தன. நோட்டுசுவரம் என்பது வெள்ளைக்காரர் பேண்டு வாத்திய மெட்டில், அந்த அணிவகுப்பு நடைக்கு ஏற்ப ஆடுவது. தஞ்சை அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு ஒலித்த காலத்தின் எச்சம் அது. சதிரின் தாள உலகம் ஆதி, ரூபகம், சாபு என்ற எல்லையோடு நிற்காமல், அந்நாளில் காதில் விழுந்த அந்நிய நடையையும் தன் கால்களுக்குள் வாங்கிக்கொண்டிருந்தது. 1930களுக்குப் பின் உருவான பரதநாட்டிய வரிசையில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. தொன்மையான இந்து சாஸ்திரக் கலை என்று முன்வைக்கப்பட்ட ஒன்றில் பேண்டு மெட்டு எப்படி நிற்க முடியும்?

எனவே முதல் தரப்பின் கூற்றுக்கு ஒரு வரம்பு இட வேண்டியுள்ளது. நிலைத்தவற்றில் தாளம் மாறவில்லை, ஆனால் நிலைக்கவிடப்பட்டவை சதிரின் ஒரு பகுதி மட்டுமே. மாம்போவும் சால்சாவும் அடி விழும் இடத்தால் பிரிந்தன என்றால், சதிரும் பரதநாட்டியமும் எவற்றை வைத்துக்கொண்டார்கள், எவற்றை விட்டார்கள் என்பதாலும், கணக்கு யார் கையில் இருந்தது என்பதாலும் பிரிந்தன. பெயர் மாற்றத்தை வெறும் மரியாதைக்கான ஏற்பாடாகச் சொல்வது அந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்த இழப்பை மறைத்துவிடும். அதை முற்றிலும் புதுக்கலையின் பிறப்பாகச் சொன்னாலோ, ஒவ்வொரு தீர்மானத்திலும் இன்றுவரை உயிரோடிருக்கும் நட்டுவனாரின் உழைப்பு கணக்கில் வராமல் போய்விடும். பின்னதைச் சொல்பவர்கள் தேவதாசிகளின் சார்பில் பேசுவதாக நினைத்தாலும், அவர்களுக்குரிய உரிமையையே மறுத்தவர்கள் ஆகிறார்கள்.

இந்தக் கேள்வியை மேலும் தீர்க்கக்கூடிய சான்று ஏடுகளைவிட அதிகமாகக் குடும்பங்களில் இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் நட்டுவனார், சின்ன மேளக் குடும்பங்களின் வழிவந்தோர் நினைவிலும், நகரத்தார் வீடுகளில் காக்கப்படும் கல்யாணக் கணக்கேடுகளிலும் கோயில் வரவு செலவுகளிலும், எந்த உருப்படி எந்தத் தாளத்தில் எந்தப் பெயரில் ஆடப்பட்டது என்ற செய்தி கிடைக்க வாய்ப்புள்ளது. பதிவு செய்பவர்கள் பாட்டையும் அபிநயத்தையும் மட்டும் படம் பிடித்துத் திரும்பாமல், தட்டையும் சொற்கட்டையும் எடுப்பையும் மாத்திரைக் கணக்கோடு எழுதிக்கொள்ள வேண்டும். ஆடியவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்களோ, அதே பெயரில் எழுதிக்கொள்ள வேண்டும்.